3,278 விக்கெட், ஒரே ஒரு டெஸ்ட்: சார்லி பார்க்கரை ஏன் மறுபடி கூப்பிடவில்லை?

முதல்தர கிரிக்கெட்டில், அதாவது டெஸ்டும் உள்நாட்டு அணிகளின் பல நாள் ஆட்டங்களும் சேர்ந்த கணக்கில், அதிக விக்கெட் எடுத்தவர்களின் பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள். முதலிடத்தில் யார்க்‌ஷயரின் வில்ஃப்ரட் ரோட்ஸ், நாலாயிரத்துச் சொச்சம். அடுத்து கென்ட் அணியின் டிச் ஃப்ரீமன், 3,776. மூன்றாவது க்ளாஸ்டர்ஷயரின் சார்லி பார்க்கர், 3,278. இப்போது இந்த மூவரும் இங்கிலாந்துக்கு ஆடிய டெஸ்ட்களை எண்ணுங்கள். ரோட்ஸ் 58. ஃப்ரீமன் 12. பார்க்கர் ஒன்று.

3,278 என்பது எவ்வளவு பெரிய எண் என்று நமக்குச் சட்டென்று பிடிபடாது. முத்தையா முரளிதரன் முதல்தர ஆட்டங்களில் எடுத்தது 1,374. நம்ம வெங்கட்ராகவன் 1,390. இரண்டையும் கூட்டினாலும் 2,764தான். வெங்கட் டெர்பிஷயருக்கு மூன்று சீசன் ஆடியவர். முரளி தன் கடைசிக் காலத்தில் பார்க்கரின் க்ளாஸ்டர்ஷயருக்கே இருபது ஓவர் ஆட்டங்களில் பந்து வீசியவர். அந்த அணியில் தனக்கு முன்னால் இப்படி ஒருவர் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு. தெரியாமல் போயிருந்தாலும் குற்றமில்லை. இணையத்தில் சார்லி பார்க்கர் என்று தேடினால் முதலில் வந்து நிற்பவர் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர். நம்மவர் நாலைந்து வரி தள்ளித்தான் வருவார்.

ஏன் ஒரே ஒரு டெஸ்ட்? இந்தக் கேள்விக்குப் பரவலாகச் சொல்லப்படும் பதில் ஒரு லிஃப்டுக்குள் நடக்கிறது. 1920களின் கடைசி. பிரிஸ்டலில் ஒரு ஹோட்டல். கிரிக்கெட் விருந்து முடிந்து பார்க்கரும் சக ஆட்டக்காரர் ரெக் சின்ஃபீல்டும் அறைக்குப் போக லிஃப்டில் ஏறுகிறார்கள். அந்த நேரம் பெல்ஹாம் வார்னர் வருகிறார். முன்னாள் இங்கிலாந்து அணித் தலைவர், தேர்வாளர், ஆங்கிலக் கிரிக்கெட்டின் தலைமையிடமான லார்ட்ஸில் செல்வாக்கு மிக்கவர். மிஸ்டர் வார்னருக்கு வழி விடுங்கள் என்கிறார் லிஃப்ட் ஊழியர். பார்க்கர் வழி விடவில்லை. வார்னரின் கோட்டுக் காலரைக் கொத்தாகப் பிடித்து, என் டெஸ்ட் வாழ்க்கையைக் கெடுத்தவன் இந்த ஆள், இவனுக்கு நான் ஒதுங்குவதா என்று கத்தினார். அடித்திருக்கவும் கூடும், சின்ஃபீல்ட்தான் பிடித்து இழுத்துச் சமாதானப்படுத்தினார். பல பத்தாண்டுகள் கழித்து, முதுமையில் சின்ஃபீல்ட் நினைவுகூர்ந்த கதை இது.

கதை நன்றாக இருக்கிறது, அதுதான் அதன் சிக்கல். முதலாளி வர்க்கத்து மனிதர் ஒருவர், உழைக்கும் வர்க்கத்து மனிதர் ஒருவர், காலரில் ஒரு கை. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று தோன்றிவிடும். பார்க்கரின் கோபம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கோபம் சரியான ஆள் மேல் திரும்பியதா என்பது வேறு கேள்வி. அதற்கு அவர் எப்படிப்பட்ட ஊரில், எப்படிப்பட்ட ஆட்டத்தில் வளர்ந்தார் என்று பார்க்க வேண்டும்.

செல்டனம் நகரை ஒட்டி, க்ளீவ் குன்றின் அடிவாரத்தில் இருக்கிற பிரெஸ்ட்பரி என்ற கிராமத்தில் 1882 அக்டோபர் 14 அன்று பிறந்தார். ஊருக்குப் பக்கத்திலேயே குதிரைப் பந்தய மைதானம். குன்றின் மேலே கோல்ஃப் திடல். பையனுக்கு முதலில் பிடித்தது கோல்ஃப்தான், கிரிக்கெட் பிற்பாடு வந்தது. 1903-இல் க்ளாஸ்டர்ஷயர் கவுன்ட்டி (மாவட்ட) அணிக்கு முதல் ஆட்டம். நிரந்தர இடம் கிடைத்தது 1907 வாக்கில். ஆனால் அப்போதும் அவர் பிற்காலத்தில் நாம் அறிகிற பார்க்கர் இல்லை. மெதுவான இடக்கைச் சுழலுக்குப் பதிலாக மிதவேகத்தில்தான் வீசிக்கொண்டிருந்தார்.

காரணம் எளிது. சுழல் வீசுகிற இடக்கை நாற்காலியில் ஏற்கெனவே ஜார்ஜ் டென்னட் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் நகர மனமில்லை. 1907-இல் க்ளாஸ்டரில் நடந்த ஆட்டத்தில் நார்த்தாம்ப்டன்ஷயர் 12 ரன்னில் சுருண்டது. எழுத்துப்பிழை இல்லை, பன்னிரண்டு ரன்தான். டென்னட் 9 ரன் கொடுத்து 8 விக்கெட். அன்றே இரண்டாம் இன்னிங்ஸிலும் 12 ரன்னுக்கு 7 பேரை எடுத்தார். மழை வந்து ஆட்டம் டிராவில் முடிந்தது. வாழ்நாளில் 2,100-க்கு மேல் விக்கெட் எடுத்த டென்னட் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. இங்கிலாந்தின் இடக்கை நாற்காலியில் அப்போது ரோட்ஸும் காலின் பிளைத்தும் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். ஆக, பார்க்கருக்கு முன்னாலேயே அந்தக் கவுன்ட்டியில் இந்தக் கதை ஒரு முறை ஓடி முடிந்திருந்தது.

முதல் உலகப் போரில் பார்க்கர் பிரிட்டனின் விமானப் படையான ராயல் ஃப்ளையிங் கோரில் இருந்தார். 1919-இல் திரும்பி வந்தபோது வயது 36. அந்த வயதில் மற்றவர்கள் கணக்கை முடிப்பார்கள். அவர் வேகத்தைக் குறைத்துச் சுழலுக்கு மாறினார். அப்புறம் நடந்ததை நம்புவது கொஞ்சம் கஷ்டம். 1920 முதல் 1935 வரை பதினாறு சீசன், ஒவ்வொன்றிலும் நூறு விக்கெட்டுக்கு மேல். அதில் ஐந்து முறை இருநூறைத் தாண்டினார்: 1922, 1924, 1925, 1926, 1931. கடைசியாகச் சொன்ன 1931-இல் அவருக்கு 48 வயது. அந்த ஆண்டு ஜூன் 12-ஆம் தேதியே நூறாவது விக்கெட் விழுந்துவிட்டது. அத்தனை சீக்கிரமாக அதற்கு முன் நூறைத் தொட்டவர் 1896-இல் ஜே. டி. ஹெர்ன் ஒருவர்தான்.

இந்த எண்களுக்குப் பின்னால் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, வேலைப்பளு. மே தொடங்கி ஆகஸ்ட் வரை வாரத்துக்கு இரண்டு மூன்று-நாள் ஆட்டம். ஒரு சீசனில் ஆயிரம் ஓவருக்கு மேல் வீசுவது அவருக்குச் சாதாரணம். 635 முதல்தர ஆட்டங்களில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பந்துகள். தோள் தாங்கியது எப்படி என்று இன்றைய உடற்பயிற்சி நிபுணர்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஆடுகளம். அந்தக் காலத்தில் ஆட்டம் தொடங்கிவிட்டால் மழைக்கு ஆடுகளத்தை முழுதாக மூடும் வழக்கம் இல்லை. கவுன்ட்டி ஆட்டங்களில் அது முற்றாக மாற 1980களின் தொடக்கம் வரை ஆனது. இரவு மழை பெய்யும். காலையில் வெயில் அடிக்கும். மேல் மண் காய்ந்து பொருக்குத் தட்டும், உள்ளே களிமண் ஈரமாகவே இருக்கும். பந்து விழுந்ததும் அந்தப் பொருக்கை உடைத்து உள்ளே கவ்வும். கவ்வியது மட்டும் இல்லை, நெஞ்சு உயரத்துக்கு எழும்பும், அதே நேரத்தில் ஒரு முழம் திரும்பும். இடக்கைச் சுழல் வலக்கை மட்டையாளரின் கால் பக்கமிருந்து வெளிப்பக்கம் போகும் இல்லையா, அங்கே ஸ்லிப்பில் கை விரித்து ஒருவர் காத்திருப்பார். க்ளாஸ்டர்ஷயருக்கு அந்த ஒருவர் வால்ட்டர் ஹேமண்ட். உலகத் தரமான மட்டையாளர், ஸ்லிப்பிலும் அதே தரம். 1928 சீசனில் அவர் பிடித்த 78 கேட்சுகளை இன்றுவரை எந்தக் களத்தடுப்பாளரும் தாண்டவில்லை. அதே ஆண்டு செல்டனத்தில் சர்ரேக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பத்து கேட்ச் பிடித்து, போதாக்குறைக்கு இரண்டு சதமும் அடித்தார்.

பார்க்கர், ஹேமண்ட், ஈரம் காயும் ஆடுகளம் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 1924-இல் பிரிஸ்டலில் மிடில்செக்ஸுடன் ஆடிய ஆட்டம். க்ளாஸ்டர்ஷயர் முதலில் ஆடி 31 ரன்னில் ஆல் அவுட். வேறு அணியாக இருந்தால் மூட்டை கட்டியிருக்கும். மிடில்செக்ஸ் 74, பார்க்கருக்கு ஒரு ஹாட்ரிக். இரண்டாம் இன்னிங்ஸில் 21 வயது ஹேமண்ட் 174 நாட்-அவுட், அணி 9 விக்கெட்டுக்கு 294 எடுத்து டிக்ளேர் செய்தது. மிடில்செக்ஸ் மறுபடி ஆட வந்தபோது பார்க்கருக்கு இன்னொரு ஹாட்ரிக். 31-இல் சுருண்ட அணி 61 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது.

அடுத்த ஆண்டு க்ளாஸ்டரில் எசெக்ஸுக்கு எதிராக 56 ரன்னுக்கு 17 விக்கெட். இரண்டாம் இன்னிங்ஸில் மட்டும் 12 ரன்னுக்கு 8.

1922-இல் அவருக்கு 'பெனிஃபிட்' ஆட்டம் கொடுத்தார்கள். ஓய்வூதியம் இல்லாத தொழில்முறை ஆட்டக்காரனுக்கு, பல வருட உழைப்புக்குப் பிறகு கவுன்ட்டி ஓர் ஆட்டத்தின் வசூலை ஒதுக்கிக் கொடுக்கும். செலவும் பெரும்பாலும் அவன் தலையில்தான். மூன்று நாளும் கூட்டம் வந்தால் கடை வைக்கவோ வீடு வாங்கவோ வழி பிறக்கும். மழை பெய்தால் கடன். ஆட்டம் சீக்கிரம் முடிந்தாலும் நஷ்டம். பிரிஸ்டலில் யார்க்‌ஷயரோடு நடந்த தன் பெனிஃபிட் ஆட்டத்தில் பார்க்கர் என்ன செய்தார் தெரியுமா? தொடர்ந்து ஐந்து பந்தில் ஸ்டம்பைத் தகர்த்தார். இரண்டாவது பந்து நோ-பால். அது மட்டும் சரியாக விழுந்திருந்தால் ஐந்து பந்தில் ஐந்து விக்கெட். அந்த இன்னிங்ஸில் 36 ரன்னுக்கு 9 பேர். தன் வசூலுக்குத் தானே வேட்டு வைக்கிற வேலை இது. இவருக்கு முன்னாலும் ஒருவர் இதைச் செய்திருக்கிறார். மிடில்செக்ஸின் ஆல்பர்ட் ட்ராட், 1907-இல் தன் பெனிஃபிட் ஆட்டத்தில் சோமர்செட்டின் நாலு பேரை நாலு பந்தில் வீழ்த்தி, அதே இன்னிங்ஸில் இன்னொரு ஹாட்ரிக்கும் எடுத்து, ஆட்டத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டு, என்னை நானே ஏழைகள் விடுதிக்கு அனுப்பிக்கொள்கிறேன் என்ற பொருளில் புலம்பினார்.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம்.

பார்க்கரின் ஒரே டெஸ்ட் 1921 ஜூலையில், மான்செஸ்டரில். வார்விக் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஆஸ்திரேலிய அணி முதல் மூன்று டெஸ்டையும் வென்று, இரு நாடுகளும் மோதும் ஆஷஸ் தொடரின் முடிவை அப்போதே உறுதிசெய்துவிட்டிருந்தது. திணறிப்போன இங்கிலாந்து அந்தத் தொடரில் 30 பேரை மாற்றி மாற்றி ஆட வைத்தது. பார்க்கர் அந்த முப்பதில் ஒருவர்.

முதல் நாள் முழுக்க மழை. அடுத்த நாள் மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இங்கிலாந்துத் தலைவர் லயனல் டென்னிசன் டிக்ளேர் செய்தார். ஆஸ்திரேலியர்கள் உள்ளே போனார்கள். அப்புறம்தான் ஆரம்பித்தது வம்பு. முதல் நாள் கழுவிக்கொண்டு போனதால் இது விதிப்படி இரண்டு நாள் ஆட்டமாகிவிட்டது, அப்படியானால் அன்றைய ஆட்டம் முடிய நூறு நிமிடமாவது இருக்கும்போது டிக்ளேர் செய்ய வேண்டும், இப்போது செல்லாது என்றார்கள். விதி அவர்கள் பக்கம்தான் இருந்தது. இருபது நிமிடத்துக்கு மேல் வாக்குவாதம். இங்கிலாந்து மறுபடி ஆட வந்தது. கூட்டம் ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பார்த்துக் கூச்சல் போட, அந்தப் பெரிய உடம்புக்காரர் அமைதியாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் தொடங்கியதும் எழுந்து முதல் ஓவரைத் தானே வீசினார். இடைவெளிக்கு முந்தைய கடைசி ஓவரையும் அவர்தான் வீசியிருந்தார். அடுத்தடுத்து இரண்டு ஓவர் ஒரே ஆள் வீசக்கூடாது என்பது சின்னப் பையனுக்கும் தெரியும். மைதானத்தில் இருந்த ஒருவரும் கவனிக்கவில்லை.

இவ்வளவு அமர்க்களமான ஆட்டத்தில் பார்க்கரின் பங்கு அமைதியானது. 28 ஓவர், 16 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 32 ரன், 2 விக்கெட். எதிரில் ஹெர்பி காலின்ஸ் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் நின்று 40 ரன் எடுத்து ஆட்டத்தைக் கொன்றுகொண்டிருந்தார். டிராவாகப் போன கடைசி நேரத்தில் பார்க்கரை மட்டை பிடிக்க அனுப்பினார்கள். 3 நாட்-அவுட். ஆகவே டெஸ்டில் அவரை யாரும் ஆட்டமிழக்கச் செய்யவே இல்லை. பந்துவீச்சு சராசரி 16. காகிதத்தில் குறையொன்றுமில்லை.

அதற்குப் பிறகு ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு முதல் காரணத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் வில்லன் இல்லை. நாட்காட்டிதான் காரணம். 1922, 1923, 1925, 1927 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்து மண்ணில் டெஸ்ட் ஆட்டமே கிடையாது. அவர் 206 விக்கெட் எடுத்த 1922-இலும், 222 எடுத்த 1925-இலும் தேர்ந்தெடுக்க ஒரு டெஸ்ட்கூட இல்லை. மிச்சம் இருப்பவை வெளிநாட்டுப் பயணங்கள். ஆஸ்திரேலிய ஆடுகளங்கள் கல் மாதிரி. அங்கே விரலால் சுழற்றுகிறவர்கள் எடுபடமாட்டார்கள், மணிக்கட்டால் சுழற்றுகிறவர்கள் வேண்டும், அல்லது மட்டையும் பிடிக்கத் தெரிந்த இடக்கைக்காரர் வேண்டும் என்பது தேர்வாளர்களின் எண்ணம். ராய் கில்னரும் ஃப்ராங்க் வுல்லியும் இரண்டும் செய்வார்கள். பார்க்கரின் மட்டை சராசரி பத்து ரன் சொச்சம். களத்தில் ஓடியாடுகிற வயதும் இல்லை. ஈரக் களத்தில் அவர் குவித்த விக்கெட்டுகளே அவருக்கு எதிரான சாட்சியாக மாறின. ஈரம் இருந்தால் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள் என்று சொல்லிவிடலாம் அல்லவா? இந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். மீதிப் பாதியை 1926 லீட்ஸ் டெஸ்ட் உடைத்துவிட்டது.

அந்த ஆண்டு தேர்வுக் குழுத் தலைவர் வார்னர். ஆஷஸ் தொடரின் மூன்றாவது டெஸ்டுக்கு பார்க்கரைக் கூப்பிட்டார்கள். மழையில் நனைந்த ஆடுகளம். டாஸ் வென்ற தலைவர் ஆர்தர் கார், களம் காயக் காயப் பந்து எகிறும் என்று கணக்குப் போட்டு ஆஸ்திரேலியாவை ஆடச் சொன்னார். அப்படிக் கணக்குப் போட்டவர், அதே காலையில், நாட்டிலேயே அந்த மாதிரிக் களத்துக்கென்று பிறந்த பந்துவீச்சாளரை உட்கார வைத்துவிட்டு இறங்கினார். இடக்கைச் சுழலுக்குக் கில்னரும் வுல்லியும் போதும் என்று நினைத்திருக்கலாம். முதல் பந்திலேயே மாரிஸ் டேட், பார்ட்ஸ்லியை வெளியேற்றினார். அதே ஓவரின் ஐந்தாவது பந்தில் சார்லி மக்கார்ட்னி கொடுத்த கேட்சை ஸ்லிப்பில் நின்ற கார் கோட்டைவிட்டார். மக்கார்ட்னி மதிய உணவுக்கு முன்னால் 112. மொத்தம் 151. ஆஸ்திரேலியா 494. இங்கிலாந்து தப்பிப் பிழைத்து டிரா செய்தது. பெவிலியனில் உட்கார்ந்திருந்த 43 வயது மனிதர் அன்று முற்பகல் என்ன நினைத்திருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன். ஒரு வேடிக்கை: 1923-இல் விஸ்டன் ஆண்டு மலர் தேர்ந்தெடுத்த ஐந்து ஆட்டக்காரர்களில் காரும் இருந்தார், பார்க்கரும் இருந்தார்.

தொடரின் கடைசி டெஸ்ட் ஓவலில். காரின் தலைமை பறிபோனது. சுழலுக்கு யாரைக் கூப்பிட்டார்கள்? வில்ஃப்ரட் ரோட்ஸை. வயது 48, பார்க்கரைவிட ஐந்து வயது மூத்தவர். அந்த ஆண்டு தேர்வுக் குழுவில் ஆலோசனைக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்ட இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களில் அவரும் ஒருவர், இன்னொருவர் ஜாக் ஹாப்ஸ். ரோட்ஸ் இரண்டாம் இன்னிங்ஸில் 44 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார், ஆஷஸ் திரும்பி வந்தது. முடிவு சரியாக அமைந்துவிட்டால் பிறகு யார் கேள்வி கேட்பார்கள்?

லிஃப்டுக்குள் வெடித்த கோபத்துக்கு 1926 போதும். ஆனால் மற்ற ஆண்டுகளை வார்னர் கணக்கில் எழுத முடியாது. 1921-இல் தேர்வுக் குழுத் தலைவர் எச். கே. ஃபாஸ்டர். 1924-இலும், பிறகு 1928 முதல் 1930 வரையிலும் தலைவர் லெவசன் கவர். தென்னாப்பிரிக்கா வந்திருந்த 1924-இல் பார்க்கருக்கு 204 விக்கெட், அப்போதும் கூப்பிடவில்லை. அதாவது ஆள் மாறினாலும் முடிவு மாறவில்லை. ஒருவரின் வஞ்சம் என்று சொல்வதைவிட, இந்த மனிதர்கள் எல்லோரும் ஒரே மாதிரி யோசிக்கிற இடத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வது சரியாக இருக்கும்.

அந்த இடம் எப்படிப்பட்டது? கூலி வாங்காமல் ஆடுகிற அமெச்சூர் 'ஜென்டில்மேன்', கூலிக்கு ஆடுகிறவர் 'பிளேயர்'. பல மைதானங்களில் இருவருக்கும் உடை மாற்ற தனித்தனி அறை, களத்துக்குள் வர தனித்தனி வாசல். ஸ்கோர் அட்டையில் ஜென்டில்மேனுக்கு முன்னெழுத்து பெயருக்கு முன்னால் வரும், பிளேயருக்குப் பின்னால் வரும். லார்ட்ஸில் ஒரு முறை ஒலிபெருக்கியில் அறிவிப்பே வந்தது: அட்டையில் எஃப். ஜே. டிட்மஸ் என்று இருப்பதை டிட்மஸ், எஃப். ஜே. என்று திருத்திக்கொள்ளவும். இந்த வேறுபாட்டை 1962 நவம்பரில்தான் ஒழித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இதே க்ளாஸ்டர்ஷயரின் பெரும் புள்ளி டபிள்யூ. ஜி. கிரேஸ் ஜென்டில்மேனாக இருந்துகொண்டே எந்தத் தொழில்முறைக்காரரைவிடவும் அதிகம் சம்பாதித்தவர்.

பிளேயர் நன்றாக வீச வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. பார்க்கர் திறப்பார். நிறையப் படிக்கிறவர், இடதுசாரிச் சாய்வு உள்ளவர், ருஷ்யப் புரட்சியைப் பற்றி உடைமாற்றும் அறையில் பேசக்கூடியவர். கேட்ச் தவறவிடுகிறவன் அமெச்சூர் தலைவனாக இருந்தாலும் முறைப்பார். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அப்போதே ஒரு பாடம் கண்முன் இருந்தது. 1921 மான்செஸ்டர் டெஸ்டில் பார்க்கருடன் ஆடிய செஸில் பார்க்கின், 1924-இல் தன்னை அதிகம் வீசவிடவில்லை என்று தலைவர் ஆர்தர் கில்லிகனைக் குறை சொல்லிய கட்டுரை பத்திரிகையில் அவர் பெயரில் வந்தது. அதோடு சரி, இங்கிலாந்துக்கு அவர் மறுபடி ஆடவில்லை.

1930 ஆகஸ்ட்டில் பார்க்கருக்கு ஒரு வகையில் நியாயம் கிடைத்தது என்று சொல்லலாம். ஓவலில் 232 அடித்து ஆஷஸை எடுத்துக்கொண்ட டான் பிராட்மன் சில நாளில் அணியோடு பிரிஸ்டல் வந்தார். க்ளாஸ்டர்ஷயர் 72. ஆஸ்திரேலியர்கள் 157. ஹேமண்டின் 89 கைகொடுக்க, க்ளாஸ்டர்ஷயர் இரண்டாம் இன்னிங்ஸில் 202. ஆஸ்திரேலியர்களின் வெற்றிக்கு 118 போதும். விக்கெட் இழப்பின்றி 59 வரை வந்துவிட்டார்கள். அங்கிருந்து பார்க்கர் பிடித்துக்கொண்டார். பிராட்மனை 14-இல் பவுல்ட் செய்தார். 54 ரன்னுக்கு 7 விக்கெட். 117-இல், சமநிலையில், கடைசி ஜோடி திணறி நிற்க, டாம் கோடார்ட் கடைசி ஆளை எல்பிடபிள்யூ ஆக்கினார். இரண்டு பக்கமும் 274. டை. பார்க்கருக்கு 47 வயது. அந்த ஆண்டு க்ளாஸ்டர்ஷயர் சாம்பியன்ஷிப்பில் 15 ஆட்டம் வென்றும், பத்தே ஆட்டம் வென்ற லங்காஷயருக்கு அடுத்த இடத்தில்தான் முடித்தது. அந்தக் காலத்துப் புள்ளிக் கணக்கு அப்படி.

கடைசி விக்கெட் எடுத்த கோடார்ட், வேகப்பந்து வீசித் தோற்று வெளியே போய், 1929-இல் ஆஃப் ஸ்பின்னராகத் திரும்பி வந்தவர். ஒரு முனையில் இடக்கை பார்க்கர், மறுமுனையில் வலக்கை கோடார்ட். பின்னாளில் கோடார்டின் கணக்கு 2,979 விக்கெட், 8 டெஸ்ட். டென்னட், பார்க்கர், கோடார்ட் மூவரையும் கூட்டிப் பாருங்கள். ஒரு கவுன்ட்டியின் மூன்று சுழலர்கள், 8,400-க்கு மேல் விக்கெட், மொத்தம் ஒன்பது டெஸ்ட். லண்டனுக்கும் வடக்குக்கும் வெளியே, மேற்கு மூலையில் ஆடுகிறவர்களை லார்ட்ஸ் பார்ப்பதில்லை என்று க்ளாஸ்டர்ஷயர்க்காரர்கள் முணுமுணுத்தால் அதை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. அதே மேற்கில், பக்கத்து சோமர்செட்டின் ஜாக் வைட்டை 1928-29 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அழைத்துப் போனார்களே என்று கேட்கலாம். அவரும் மெதுவான இடக்கைதான், அங்கே அருமையாக வீசி 25 விக்கெட் எடுத்தார். விரல் சுழல் ஆஸ்திரேலியாவில் எடுபடாது என்ற வாதத்துக்கு அது நல்ல பதில். வைட் ஒரு விவசாயி, சொந்த நிலம் உள்ளவர், அமெச்சூர். அவர் பெயர் அட்டையில் முன்னெழுத்தோடு தொடங்கும்.

1931-இல் ஹெட்லி வெரிட்டி வந்தார். அதோடு இடக்கை நாற்காலி பற்றிய பேச்சே முடிந்தது. பார்க்கர் 1935 வரை வீசினார், 52 வயதில் நிறுத்தினார். கொஞ்ச காலம் நடுவராக நின்றார். பிறகு சர்ரேயில் க்ரான்லி பள்ளியில் பயிற்சியாளர். அங்கேயே 1959 ஜூலையில், 76 வயதில் காலமானார்.

லிஃப்ட் கதையைச் சொன்ன ரெக் சின்ஃபீல்டுக்கு 1938-இல் அழைப்பு வந்தது. ட்ரென்ட் பிரிட்ஜ், எதிரில் ஆஸ்திரேலியா. 37 வயதில் முதல் டெஸ்ட். 51 ரன் எடுத்திருந்த பிராட்மனை விக்கெட் கீப்பரிடம் கேட்ச் கொடுக்க வைத்தார். அடுத்த டெஸ்டுக்கு அவரையும் கூப்பிடவில்லை.